ஓடாத பஸ்ஸில் குடித்தனம்

ரங்கூன் என்கிற யாங்கூனில் வீட்டு வாடகையை மாதாமாதம் யாரும் வாங்குவதில்லை. ஒரு வருடத்துக்கு உண்டானதை மொத்தமாக முன்னாலேயே வைத்துவிட வேண்டும். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் நாங்கள் இருந்த மாடி அறைக்கு, புது வருடத்துக்கென்று வீட்டுக்காரம்மா கேட்ட தொகையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கூடவே சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அறையைப் பார்க்க வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றாள். அதில் பாதிக்கும் குறைவான பணத்தில் நாங்கள் ஒரு பஸ் வாங்கினோம்.

பைத்தியமா என்று கேட்டவர்களிடம் வாடகை மிச்சம் என்றேன். உண்மையான காரணத்தை வெளியே சொல்ல முடியாது. ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் எடுக்கிற வயதில் இருந்தார், போதாக்குறைக்கு டிரைவர் வேறு. அவரை எப்படியாவது மலேசியாவில் இருக்கும் என் அண்ணனிடம் அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பணம் சேர வேண்டும், சேரும் வரை அவர் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். மாடி வீடுகளில்தான் வார்டு அலுவலகத்து ஆட்கள் ஏறி இறங்கி, யார் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். பழைய பஸ்ஸுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

பஸ், தொழிற்சாலைகள் நிறைந்த லைங் தாயா பக்கம் ஒரு காலி மனையில் புல் முளைத்துக் கிடந்தது. ஜப்பானிலிருந்து வந்த வண்டி. ஜப்பானில் இடது ஓரமாக ஓட்டுகிறார்கள், அதனால் ஏறும் கதவு இடப்பக்கம். நம் ஊரில் வலது ஓரமாக ஓட்டுகிறோம். கதவைத் திறந்தால் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். அதனால்தான் அந்த மாதிரி வண்டிகளை ஊர் பஸ்ஸாக ஓட்டக் கூடாது என்றார்கள். பிறகு அது தையல் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸாக, இங்கே ஃபெரி என்பார்கள், ஓடி, கம்பெனியை மூடியதும் எஞ்சினும் நின்று, அங்கேயே இருந்துவிட்டது. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் மார்க்கெட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன், நாளெல்லாம் மனிதர்களின் கண்ணைப் பார்ப்பதுதான் தொழில்.

ரயில் பாதை ஓரத்தில், மூடிப்போன ஒரு பட்டறையின் வளவில் நிறுத்த இடம் கிடைத்தது. வளவின் சொந்தக்காரர் வயதான பர்மியர். ஊலே என்றுதான் கூப்பிடுவோம், மாமா என்பது போல. பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். லாரி கட்டி இழுத்து வந்து, கதவுப் பக்கம் மதிலைப் பார்க்கும்படி நிறுத்தினோம். உள்ளே போவதும் வருவதும் தெருவுக்குத் தெரியாது.

சீட்டுகளைக் கழற்றியபோது அடியிலிருந்து கொண்டை ஊசிகள் வந்துகொண்டே இருந்தன. ரப்பர் வளையங்கள், பல் போன சீப்பு, ஒற்றைச் செருப்பு. பெருக்கி முடித்தேன் என்று நினைத்தால் மறுநாள் இன்னொரு ஊசி காலில் குத்தும். அந்தப் பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க, உனக்கு எதுக்கு?" என்றார் என் கணவர். ஆனால் அந்தச் சீப்பை அவரும் தூக்கிப் போடவில்லை, ஜன்னல் ஓரம் வைத்தார்.

பின் பக்கம் அடுப்பு, நடுவில் படுக்கை, முன்னால் ஸ்டியரிங்கின் மேல் என் துணிகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியாக்தானிலிருந்து மாமியார் வந்து பார்த்தார். அவர் பர்மியப் பெண், புத்த மதம். மாமனார் தமிழர், இப்போது இல்லை. எனக்கும் மாமியாருக்கும் பேச்சு எப்போதும் பர்மியத்தில்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டைக் காக்கும் நாட் தெய்வத்துக்குத் தேங்காய் கட்ட வேண்டும் என்றார். சிவப்புத் துணி சுற்றி உள்ளே ஒரு மூலையில் கட்டினார். வண்டி என்றால் முன்னால் பூவும் சிவப்பு வெள்ளைத் துணியும் கட்டுவார்கள். ஓடாத வண்டிக்கு அது கிடையாது. "இது வீடுதான்," என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு ஆளும் அதையேதான் சொன்னார். ஒருநாள் மாலை வளவுக்குள் வந்து, பஸ்ஸைத் தட்டிப் பார்த்து, "இது வீடா, வண்டியா, அமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அமா என்றால் அக்கா. இனிமையான குரல். என் கணவர் அடுப்புக்குப் பின்னால் போர்வைக்குள் மூச்சு விடாமல் கிடந்தார். எஞ்சின் செத்துப்போன வண்டி, நான் மட்டும்தான் இருக்கிறேன், வீட்டுக்காரர் கியாக்தானில் தாயார் வீட்டில் இருக்கிறார் என்றேன். "அப்ப வீடுதான்," என்று தலையாட்டினார். போகும்போது டயர்களைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு டயரையும் பார்த்தார்.

நான் காலையில் கடைக்குப் போனால் மாலையில்தான் வருவேன். என் கணவர் அதுவரை பகல் முழுக்க உள்ளேயே இருக்க வேண்டும். தகரக் கூரை, வெயில், ரயில் சத்தம். டிரைவருடைய கை சும்மா இருக்குமா? எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மார்க்கெட்டிலிருந்து அவர் கேட்கிற சாமான்களை வாங்கி வந்து கொடுப்பேன். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் பழைய மாதிரி கிண்டல் பேசினார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, மாப்பிள்ளை பஸ்ஸிலேயே மலேசியா வர்றான்னு."

ஒருநாள் நான் வளவுக்குள் நுழையும்போதே வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. தட்டுகள் எல்லாம் கிலுகிலு என்று ஆடின. புகையிலிருந்து அவர் எழுந்து வந்தார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஊலே ஓடி வந்தவர் மட்டும் முதலில் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "அணைச்சிடு. முதல்ல அணைச்சிடு," என்றார்.

ஓடுகிற வண்டி இருந்தால் வேறு வழி உண்டு என்று என் கணவர் கணக்குப் போட்டார். விடிந்ததும் ஃபெரி வண்டிகளின் கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்தைத் தாண்டிவிட்டால், கியாக்தானில் மாமியாருடைய வயலோரம் நிறுத்திக்கொள்ளலாம். அங்கே எண்ணிப் பார்க்க ஆள் குறைவு. பணம் சேரும் வரை இருக்கலாம். மாமியாருக்கு ஃபோன் செய்தோம். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். இத்தனை நாள் வீடாக இருந்தது வண்டியாக மாறுகிறது, வண்டியை நாட் தெய்வத்துக்குக் கும்பிட வைக்காமல் சாலையில் இறக்கினால் அது ரத்தம் கேட்கும்.

இங்கே வண்டியும் கும்பிடும். முன்னால் பூவும் துணியும் கட்டி, மூன்று முறை முன்னே போய்ப் பின்னே வந்தால் அது வண்டி விழுந்து கும்பிடுவது. என் பங்குக்கு நானும் விடவில்லை. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் எங்கள் வீட்டில் எந்த வண்டியும் கிளம்பியதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் செய்தோம். மல்லிகையும், இங்கே சாமிக்கு வைக்கிற தபியே இலைக் கொத்தும் வாங்கி வந்து முன் கண்ணாடிக்குக் கீழே கட்டினேன். என் கணவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மதிலுக்கும் கேட்டுக்கும் நடுவே அந்தப் பெரிய உடம்பு மூன்று முறை கும்பிட்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கி வாசனை வந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட் அருகே நின்று பார்த்தார்கள். ஒருத்தி கை தட்டினாள். எனக்குத் தெரியாத ஒருவர் மட்டும் கை தட்டாமல், டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மதியம் நான் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வார்டு ஆள் வந்தார். கூட இரண்டு பேர். இந்த முறை என் கணவர் வெளியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒளிய இடமில்லை.

"கியாக்தானிலிருந்து வந்துட்டீங்களா, அகோ? நல்லதாப் போச்சு," என்றார். அகோ என்றால் அண்ணன். அதே இனிமையான குரல். ராணுவத்துப் பெரியவர்கள் வண்டி கேட்கிறார்களாம், கொஞ்ச நாளைக்குத்தானாம், ஓட்டவும் ஆள் வேண்டுமாம்.

நான் முந்திக்கொண்டேன். "இந்த வண்டி ஓடாதுங்க. உங்களுக்கே தெரியுமே."

அவர் பஸ்ஸின் முன்பக்கம் போய் நின்றார். மல்லிகை இன்னும் வாடவில்லை. ஒரு பூவைக் கூடத் தொடவில்லை, வெறுமனே பார்த்தார். "ஓடாத வண்டிக்கு யாராவது பூ கட்டுவாங்களா, அமா?"

சாமான்களை இறக்க நேரம் கொடுத்தார்கள். அடுப்பு, பாய், பானைகள் எல்லாம் வளவில் குவிந்தன. என் கணவரே ஏறி மூலையிலிருந்த தேங்காயை அவிழ்த்து, சிவப்புத் துணியோடு என் கையில் வைத்தார். "வீட்டுச் சாமி வீட்டிலேயே இருக்கட்டும்," என்றார். அவரை டிரைவர் சீட்டில் ஏற்றி, வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்கச் சொன்னார்கள்.

நான் தெருவுக்கு ஓடினேன். கதவு நடுரோட்டுப் பக்கம் போய்விட்டது, உள்ளே யார் ஏறினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கோணல் வண்டியில் டிரைவர் நடைபாதைப் பக்கம்தான் உட்காருவார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். எண்ணெய் நாற்றம் அடிக்கிற கை. பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். "பிரேக் கொஞ்சம் இழுக்குது. மெதுவாத்தான் போவேன், பயப்படாதே," என்றார். பிறகு கியர் மாற்றும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க அவருக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் என்றார்கள். மழைக்காலம் வந்து போய்விட்டது. வார்டு அலுவலகத்தில் கேட்டால், வண்டி தூரமாகப் போயிருக்கிறது என்கிறார்கள். ஆளைப் பற்றிக் கேட்டாலும் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார்கள். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது, அங்கே புல் முளைக்கவில்லை. ஊலே பட்டறையைத் திறந்து எனக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறார். தேங்காயை அங்கே கட்டியிருக்கிறேன். ரயில் போகும்போது பஸ் சத்தம் மாதிரி இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப் போகிறது.

வாடகை கிடையாது, சமைப்பது ஒருத்திக்குத்தான். சம்பளம் அப்படியே மிஞ்சுகிறது. போன வாரம் அண்ணன் ஃபோன் செய்தார். லைன் சரியில்லை, நடந்ததை ஃபோனில் சொல்லவும் முடியாது, யார் கேட்கிறார்களோ. அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வழக்கம்போல ஒன்றையே கேட்டார். "மாப்பிள்ளையை அனுப்பப் பணம் சேர்ந்துடுச்சாம்மா?"

சேர்ந்துவிட்டது என்றேன்.