நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்த வீடு

வெர்னா நாஹிநு கவாய்த் தீவின் வடகரையில் ஒரு சின்னக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் விடுமுறைக்கு வருகிறவர்கள் வாங்குகிற புத்தகங்கள். எந்தக் கடற்கரையில் எந்த மாதம் இறங்கலாம், எந்த மலைப்பாதையில் சேறு அதிகம், ஹுலா ஆடும்போது கை என்ன சொல்கிறது, கடைசி ராணியை எப்படி அரியணையிலிருந்து இறக்கினார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு அலமாரி. அதற்கு முன் பதினோரு வருடம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். புத்தகம் அதைவிட லேசாக இருக்கும் என்று நம்பித்தான் வந்தாள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது கனத்தில் ஒன்றும் வித்தியாசம் இல்லை என்று இடுப்பு சொல்லிவிட்டது.

மத்தியானங்களில் ஆள் வராது. அந்த நேரத்தில் அலமாரி முழுவதையும் படித்து முடித்திருந்தாள். ஆரம்பத்தில் தப்பான இடங்களில் பென்சிலால் கோடு போடுவாள். பிறகு பென்சில் தேய்ந்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் கையில் புத்தகத்தோடு ஒரு அம்மாள் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "பூவைத் தப்பான காதுல வெச்சிருக்கீங்களே! கல்யாணமானவங்க இடது காதுலதான் வெக்கணுமாம்" என்றாள்.

"இடது காதுல சீழும்மா. டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காரு" என்றாள் வெர்னா. அந்த அம்மாள் அதையும் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாளோ என்னவோ.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கடையில் அதிகம் விற்கிற வழிகாட்டிப் புத்தகத்தின் நூற்றுப் பதினான்காம் பக்கம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த பதிப்பில் அந்தப் பக்கம் முளைத்தது. பள்ளத்தாக்கு ரோட்டில் கடைசித் தபால் பெட்டியையும் தாண்டிப் போங்கள், பச்சைத் தகரக் கூரை போட்ட வீடு வரும், அதன் பின்னால் வயல் வரப்பு மேல் ஏறி நடந்தால் யாருக்கும் தெரியாத ஒரு குளம் இருக்கிறது என்று எழுதி, குளத்தின் பழைய பெயரையும் போட்டிருந்தது. பச்சைத் தகரக் கூரை வெர்னாவுடையது. வயல் அவள் புருஷன் எல்ரோயின் குடும்பத்துச் சேம்பு வயல்.

வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. குளத்தில் இறங்க வசதியாக, ஓடையிலிருந்து வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற கல் அணையைப் பிரித்துப் படிக்கட்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சேம்புக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வெயிலில் சூடேறும், கிழங்கு அழுகும். மூன்று வருடமாக நல்ல கிழங்கு பாதிகூடத் தேறவில்லை. சேம்புக் கூழைக்கூடக் கடையில் போய்ப் பையில் வாங்க வேண்டியிருந்தது. வயல் வைத்திருக்கிற வீடு!

அந்த வியாழக்கிழமையும் காலை ஆறே முக்காலுக்கே ஒரு வாடகை ஜீப் வந்து நின்றது. ரைஸ் குக்கரை மூடிவிட்டு வெர்னா ரப்பர் செருப்போடு வெளியே போனாள்.

"குளம் இந்தப் பக்கம்தானே?" என்றான் இறங்கியவன். கையில் புத்தகம். அவள் கடையின் விலைச்சீட்டு அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது.

"வழி இல்லைப்பா. வயல் இருக்கு."

"இதுல போட்டிருக்காங்களே."

"தெரியும். நான்தான் முந்தாநாள் உங்களுக்கு வித்தேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்து, அடையாளம் தெரிந்து, வெட்கப்பட்டு ஜீப்பைத் திருப்பினான். திருப்பும்போது வாழைக்கன்று ஒன்று சாய்ந்தது.

இதைக் கடையில் சொன்னபோது முதலாளி ஜாய்ஸ் மொரிமோட்டோ விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாய்ஸுக்கு வெர்னாவைவிடப் பத்து வயது குறைவு. "உங்க வீட்டு வாசலுக்கு நீங்களே டிக்கெட் கிழிக்கறீங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இன்னிக்கு டில்பெக் வர்றாரு. புதுப் பதிப்புக்குத் திருத்தம் கேட்டுக்கிட்டுப் போக. இந்தத் தடவையாவது வாயத் திறங்க" என்றாள்.

அந்த வழிகாட்டியை எழுதிய வாரன் டில்பெக் போன தடவை வந்தபோது வெர்னா வாயைத் திறக்கவில்லை. கடை நிறையக் கூட்டம். எல்லாரும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெர்னா புத்தகத்தைத் திறந்து திறந்து நீட்டினாள். அதற்கும் முந்தின தடவை அவள் லீவு.

டில்பெக் பதினொரு மணிக்கு வந்தார். அறுபது வயது, வெயிலில் கறுத்த மூக்கு, அமைதியான மனுஷர். நோட்டை விரித்து, "எந்தப் பக்கத்துல குறை சொல்றாங்க வெர்னா? நீங்கதானே தினம் பாக்கறீங்க" என்றார்.

"நூத்திப் பதினாலு. அதை எடுத்துடணும்."

"அதுதான் எல்லாருக்கும் பிடிச்ச பக்கம். எனக்கு எவ்வளவு கடிதம் வருது தெரியுமா?"

"எனக்கு ஆளே வருது."

அவருக்குப் புரியவில்லை. வெர்னா அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து அந்தப் பக்கத்துப் படத்தைக் காட்டினாள். "இந்த வீட்டுக்குப் பக்கத்துல கொடியில தொங்குது பாருங்க, பூப்போட்ட கவுன். அது என்னுது."

டில்பெக்கின் கறுத்த மூக்கு சிவந்தது. படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்போ எல்ரோய்..."

"என் வீட்டுக்காரர். அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்தானே எல்லாம் சொன்னாரு. ரோட்டுல போயிட்டிருந்தவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, மீனும் கூழும் போட்டாரு. குளத்தோட பேரை எழுத்துக் கூட்டி ரெண்டு தரம் எழுத வெச்சாரு. தப்பில்லாம போடணும், எடுத்துடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு." டில்பெக் நோட்டை மூடினார். "அவர் குடுத்தது வெர்னா. அவர் வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடறேன். ஆனா திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது." தன் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினோரு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எந்த நாய் இவனுக்கு வழி சொல்லித் தொலைத்தது என்று அவள் திட்டியிருக்கிறாள். அலைச்சறுக்கு விளையாட வரும் பையன்கள் மேல் சந்தேகப்பட்டிருக்கிறாள். ரோட்டு முனையில் முட்டை விற்கிறவனோடு ஒரு வருடம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள்.

அன்று ஜாய்ஸ் அவளை நாலு மணிக்கே அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்ரோய் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, பிரிந்த கற்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான். அறுபத்து மூன்று வயது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முனகல். வழியெல்லாம் வெர்னா நல்ல வசவுகளாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கரையில் உட்கார்ந்ததும் அதில் பாதி மறந்துபோயிற்று.

"டில்பெக் வந்திருந்தாரு" என்றாள்.

எல்ரோய் கையிலிருந்த கல்லை மெதுவாகத் தண்ணீருக்குள் வைத்தான். நிமிரவில்லை.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு. பதினோரு வருஷமா எந்த நாய், எந்த நாய்னு கேட்டேனே. மீன்ல முள் எடுத்துக்கிட்டு உக்காந்திருந்தியே."

"நீ நாய்னு சொன்னப்புறம் நான்தான்னு எப்படிச் சொல்றது?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "ஏன் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

எல்ரோய் கரைக்கு வந்து அவளுக்கு இரண்டு கை தள்ளி உட்கார்ந்தான். "சர்க்கரை மில்லை மூடின வருஷம் அது. நீ கடைக்குப் போயிடுவே. பசங்க ரெண்டு பேரும் லாஸ் வேகாஸ் போயிட்டானுங்க. இந்த ரோட்டுல ஒரு மாசம் ஒரு கார்கூட வரலை. அவன் நடந்து வந்தான். வா, சாப்பிட்டுப் போன்னேன். வேற என்ன சொல்றது? சாப்பிட்டுட்டுக் குளத்துக்குப் பேர் என்னன்னு கேட்டான். அம்மா போனப்புறம் அந்தப் பேரை யாரும் எங்கிட்ட கேட்டதில்லை வெர்னா. நம்ம பசங்களுக்குக்கூடத் தெரியாது. புத்தகத்துல ஏறிட்டா இருக்கும்னு நினைச்சேன்."

"இருக்கு. சேம்புதான் இல்லை."

அவன் பாதத்துச் சேற்றை விரலால் வழித்தான். "குடுத்ததை எப்படித் திருப்பிக் கேக்கறது? அசிங்கமா இருக்கு."

"அசிங்கம்தான்."

"வழியை எடுத்துடச் சொல்றேன். பேர் மட்டும் இருக்கட்டும்."

"பேர் இருந்தா போன்ல தட்டுவாங்க. வழி தானா வரும்."

தண்ணீர் இன்னும் வயல் பக்கம் திரும்பவில்லை. வாய்க்காலில் கணுக்கால் அளவுகூட இல்லை.

"நான் சண்டைக்கு வரலை எல்ரோய்" என்றாள் வெர்னா. "காலையில எந்திரிச்சு இங்க ஆளை விரட்டறேன். அப்புறம் அங்க போயி, இங்க வர்றதுக்கு வழி விக்கறேன். ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான் இனிமே என்னால முடியும். கடையை விட்டுடட்டுமா? இல்ல வயலை விட்டுடலாமா? நீயே சொல்லு."

அட்டையை அவன் பக்கத்தில் ஒரு கல் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மேஜையில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை, துணி மாற்றவில்லை. வெளியே ஒரு கல் விழுகிற சத்தம், அப்புறம் இன்னொரு கல். அரை மணி போயிருக்கும். வெளிக்குழாய் திறந்தது. கால் கழுவிக்கொண்டு எல்ரோய் சமையலறை வாசலில் வந்து நின்று, சுவரிலிருந்த போனை எடுத்தான். அட்டையைக் கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினான்.

"நான் எல்ரோய் பேசறேன்... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க... இல்ல, முழுசா. வழியும், பேரும்." மறுமுனையில் நீளமாக ஏதோ பேச்சு. எல்ரோய் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் குடுத்தேன், நான்தான் எடுத்துக்கறேன்... காரணமா? என் பொண்டாட்டி அசந்துட்டா. அவ்வளவுதான்."

போனை மாட்டிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். "புதுசு அடுத்த கோடைக்குத்தான் வருமாம்."

"பழசு எல்லாக் கார்லயும் கிடக்கு. இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு வருவாங்க."

"நான் போயி நிக்கறேன் வாசல்ல. நீ படு."

"கூட்டி வந்து உக்கார வெச்சு மீன் போடாம இருந்தா சரி."

எல்ரோய், எதற்கோ, அந்தக் குளத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னான். நாலு அசை, நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். வெர்னா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள்; இந்தப் பழைய பெயர்கள் அவள் வீட்டில் புழங்கியதில்லை. கல்யாணமாகி வந்த முப்பத்தேழு வருடமாக வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்துக்கு அவள் குளம் என்றுதான் சொல்லி வந்தாள்.

அவள் சொல்லிப் பார்த்தாள். "அங்க நிறுத்தணும்" என்றான் எல்ரோய். இரண்டாம் தடவையும் நிறுத்தம் தவறியது.

"நாளைக்குச் சொல்லிக்குடு. இன்னிக்கு நாக்கு எழும்பலை" என்று வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.