கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெட்போன் மாட்டினேன்

மாரண்டஹள்ளிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தக்காளித் தோட்டம். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன், கூலிக்குக் களை வெட்டியே வாங்கிய நிலம். என் தக்காளிக்கு மண்டியில் தனி மரியாதை உண்டு.

வேலை நேரத்தில் வியாபாரிகளோடு பேச, மகன் பெரிய ஹெட்போன் வாங்கித் தந்தான். அதை மாட்டினால் கண்ணாடிக் கம்பி காதோரம் அழுந்தி, கொஞ்ச நேரத்தில் மண்டையே விண்விண் என்று தெறிக்கும். அதனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பழகிய தோட்டத்துக்குக் கண்ணாடி எதற்கு என்ற தெனாவட்டு.

போன மாதம் அப்படித்தான் பூச்சி மருந்து கலக்கி, டேங்கை முதுகில் மாட்டி அடிக்க ஆரம்பித்தேன். தோளில் சொத்தென்று ஒரு மண்கட்டி விழுந்தது. திரும்பினால் என் மனைவி. ஹெட்போனை இறக்கிய பிறகுதான் அவள் கத்துவது கேட்டது.

“எத்தினி தடவைங்க கூப்புடறது? டப்பாவப் பாருங்க, அது களை மருந்து! ஊருக்கே வெவசாயம் சொல்லித் தர்ற ஆளு, சொந்தச் செடிக்கே எமனா நிக்கறீங்களே!”

பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தேன். களைக்கொல்லியேதான். நனைந்த செடிகளை உடனே பிடுங்கி எறிந்தோம். ஆனாலும் காற்றில் மருந்து பக்கத்து வரிசைக்குப் பறந்திருக்குமோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஓடி இலை இலையாகப் பார்ப்பேன். ஓரத்தில் சில செடிகள் சுருண்டதோடு தப்பித்தேன்.

இப்போது முதலில் ஹெட்போன், பிறகு அதன் பஞ்சுக்கு மேலாகக் கண்ணாடிக் கம்பி. காது வலிப்பதில்லை. மருந்து கலக்கும் அன்றைக்கு ஹெட்போன் வீட்டு ஆணியில் தொங்கும். டப்பாவை நான் படித்துச் சொன்னாலும், என் மனைவி ஒருமுறை வாங்கிப் பார்த்த பிறகுதான் மூடி திறக்கிறது.