முகமில்லாத மூன்று பெண்களும் ஒரு சிவப்புக் குடையும்

என் படங்களில் இருக்கும் ஆட்களுக்கு ஏன் கண்ணும் மூக்கும் இல்லை என்று கேட்பவர்களுக்கு நான் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நடந்ததை இப்போதுதான் எழுதுகிறேன்.

அது சண்டைக் காலம், நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மேல்மாடி அறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியை ஒருத்தி என் அறைத் தோழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உடுப்புத் தோய்ப்பாள், நான் படம் கீறுவேன்.

கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் எனக்கு வர்ணம் தந்தவர். மதிலுக்கும் கேற்றுக்கும் அடித்து மிஞ்சிய பெயின்ட் வாளிகளை எனக்கென்று ஒரு மூலையில் எடுத்து வைப்பார். அங்கே என்ன நிறம் கிடக்கிறதோ அதுதான் என் நிறம். ஒரு மாதம் முழுக்க ரோஸ் மட்டுமே கிடைத்தது. அந்த மாதம் என் கடல் ரோஸ் நிறத்தில் இருந்தது.

ஆனால் கோடுகளில் நான் மகா கருமி. ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தென்னையில் எத்தனை ஓலை, மின்கம்பத்தில் எத்தனை கம்பி என்று எண்ணிக் கீறுவதுதான் கலை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடு ஒருநாள் பின்னேரம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து கீறிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மே மொனவாத மிஸ்?"

பொலிஸ் சார்ஜன்ட். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே கொப்பியை வாங்கிப் பார்த்தார். தண்டவாளம், ரயில் நிலையக் கூரை, சின்னப் பாலம், மணல்மூட்டை அடுக்கிய காவலரண், எல்லாம் இருந்தன. காவலரணைத் திரும்பிப் பார்த்து மூட்டைகளை எண்ணினார். பிறகு என் படத்தில் எண்ணினார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"மிஸ், இது மெப்." வரைபடமாம்.

"மெப் இல்லை சேர், படம்."

"இவ்வளவு சரியா இருந்தா மெப்தான்."

காவலரணுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் இருத்தினார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கந்தோர்க் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு அழிரப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ரயில் பாதை போட ஏலாது."

அழித்தேன்.

"பாலம் ஏலாது. போஸ்ட் ஏலாது. இந்தக் கம்பி எல்லாம் ஏலாது."

அழித்து அழித்துத் தாளில் வெண்மைதான் மிஞ்சியது. "அப்ப என்னத்தைத்தான் சேர் போடலாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"கடல் போடலாம். மணல் போடலாம். நோனாமார் போடலாம். குடை நல்லது."

படத்தில் கடலுக்கு முதுகு காட்டி, ஒருத்தி குடை பிடிக்க, மூன்று பெண்கள், அவர் சொன்ன நோனாமார், நின்றார்கள். ஒருத்தியின் கன்னத்து மச்சத்தைக்கூட நான் விடவில்லை. "இது யாரு?" என்றார்.

"தெரியாது சேர். சும்மா நிண்ட ஆக்கள்."

"தெரியாத ஆள்ட முகம் ஏன் போட்டது?"

மூன்று முகங்களும் போயின. அவர் தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "தென் ஹொந்தய்," என்றார். இப்போது நல்லாயிருக்கிறதாம்.

அறைக்கு வந்து சொன்னதும் தோழி வெடித்தாள். "உமக்கு விசரே? சனம் அடையாள அட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பயந்து திரியுது. நீர் சென்ரி பொயின்ற்றைக் கீறிக்கொண்டு இருக்கிறீர்!"

இரண்டு நாள் அந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பயம். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தேன். கடலுக்கு ஒரு நிறம், மணலுக்கு ஒரு நிறம், மூன்று பெண்கள், ஒரு சிவப்புக் குடை, இவ்வளவும் போதும் என்று பட்டது. ஹார்ட்போட் துண்டொன்றில் அப்படியே பெயின்ட் பண்ணிச் சுவரில் சாய்த்து வைத்தேன். உடுப்பு வாளியோடு போன தோழி நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "இதிலை என்னவோ இருக்கு," என்றாள். அதுவரை என் படங்களைப் பார்த்து அவள் வாய் திறந்ததே கிடையாது.

அந்த மாதிரியில் எட்டுப் படம் செய்தேன். சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் அவற்றுக்கும் ஒரு சுவர் கிடைத்தது. ஆங்கிலப் பத்திரிகையொன்றின் விமர்சகர், நான் பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஒருவரின் ஆழ்ந்த பாதிப்பில் இருப்பதாக எழுதினார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆர் இந்தாள்?" என்றாள் தோழி. "உம்மடை கந்தோரிலை வேலை செய்யிறவரோ?"

கடைசி நாள் விமர்சகர் நேரிலேயே வந்து, அந்த ஓவியரின் படங்களை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று என்னை ஆங்கிலத்தில் விசாரித்தார். சார்ஜன்ட்டின் கதையை அந்த மண்டபத்தில் சொல்லும் துணிவு எனக்கில்லை. சின்ன வயதிலேயே என்று பொய் சொன்னேன். அவருக்குப் பெரும் திருப்தி. அந்த நேரம் பார்த்து ஹாட்வெயார் நானா மனைவியோடு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, இந்தப் பச்சை நம்மட பள்ளி மதிலுக்கு அடிச்சது தானே? இது அந்த லோயர்ட கேட். இந்த நீலம்..." கிட்டப் போய்ப் பார்த்தார். "இது கக்கூஸ் கதவுக்கு வாங்கினது!"

என்ன சொல்கிறார் என்று விமர்சகர் கேட்டார். வர்ணங்களைப் புகழ்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

அடுத்த கிழமையே ஒரு நூலகத்தில் அந்தப் பிரான்ஸ்காரரின் படப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். திறந்ததும் தலை சுற்றியது. நான் அழிரப்பரோடு பாடுபட்டுச் செய்ததை அந்த மனிதர் எவ்வளவோ காலத்துக்கு முன்பே, எவ்வளவோ அழகாக, யாரும் மிரட்டாமலே செய்துவிட்டிருந்தார். புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தூரிகையைத் தொட முடியவில்லை. எதைத் தொடங்கினாலும் அவருடையதைப் போலவே தெரிந்தது.

ஒரு ஞாயிறு தோழி புத்தகத்தைப் புரட்டினாள். "இந்த மனிசன் உம்மைவிட நல்லாக் கீறுது."

"தெரியும்."

"பேந்தென்ன? அவரிட்டைப் படியுமன். நான் படிப்பிக்கிற கணக்கெல்லாம் நானே கண்டுபிடிச்சதோ?"

படித்தேன். அவர் யன்னலை எப்படிக் கீறுகிறார் என்று பார்த்தேன். அறைக்குள்ளும் வெளியிலும் ஒரே நிறத்தை ஓட விடுகிறார். அதனால் சுவரும் கடலும் ஒரே துணியில் வெட்டின மாதிரி ஆகிவிடுகின்றன. அதை முழுதாகக் களவெடுத்தேன். எங்கள் அறையைக் கீறினேன். உடுப்புக்கொடி, வாளி, பரீட்சைத் தாள் திருத்தும் தோழி, யன்னலில் கடல்.

அடுத்த கண்காட்சிக்கும் அதே விமர்சகர் வந்தார். நான் அந்நியப் பாதிப்பை முற்றாக உதறிவிட்டு என் சொந்தக் குரலைக் கண்டடைந்துவிட்டதாகவும், அந்த யன்னல்களே அதற்குச் சாட்சி என்றும் எழுதினார்.

தோழி அதைச் சத்தமாக வாசித்தாள். நான் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்து அவள் முன்னால் வைத்தேன். யன்னலைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், கட்டிலில் விழுந்து சிரித்தாள். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்துவிட்டார்.

"என்ன பிள்ளையள், சண்டை முடிஞ்சுதோ?"

"இல்லை அன்ரி," என்றாள் தோழி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேப்பரிலை ஒரு பகிடி."