மில் பஸ்ஸைக் காக்க வைத்த கேள்வி

திண்டுக்கல் என்றாலே பிரியாணிக்குத்தான் போவோம். போன வெள்ளிக்கிழமை நான் போனது அறிவியல் பாடம் கேட்க. வேடசந்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் அறிவியல் எடுக்கும் என் தோழி ஸ்டெல்லா, "எங்கிளாசே கலைஞ்சிரும் போல, அதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போடி" என்று கூப்பிட்டிருந்தாள்.

திண்டுக்கல்லில் காலை பதினொன்றுக்கு பஸ் ஏறினால் முக்கால் மணியில் வேடசந்தூர். அங்கிருந்து எரியோடு போகும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஜன்னலோரம் கிடைத்தால் ராஜயோகம்.

ஸ்டெல்லா கல்லூரியில் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். பாடநூல் தமிழை முதலில் தனக்கே விளக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாள். அதைக்கூடச் சமாளித்துவிடுகிறாள். தமிழில் படித்தால் பிள்ளை தேறாது என்று பெற்றோர் ஒவ்வொருவராக டி.சி. வாங்குவதுதான் பெரிய தலைவலி. அன்று மதியம் வந்தவர் நூல் மில்லில் வேலை பார்க்கும் மாரியம்மாள். மில் பஸ்ஸையே வாசலில் நிறுத்திவிட்டு நேரே வகுப்புக்குள் வந்திருந்தார்.

"டி.சி.யக் குடுங்க டீச்சர், ஷிப்டுக்கு நேரமாச்சு."

"ஒங்க மில்லப் பத்தி ஒங்க மககிட்ட ஒண்ணு கேளுங்க. சொல்லலைன்னா இப்பவே தாரேன்" என்றாள் ஸ்டெல்லா.

மாரியம்மாள் மகள் கவிதாவிடம் திரும்பினார். "மில்லுக்குள்ள எதுக்குடி எந்நேரமும் தண்ணியப் பொகையா அடிக்கிறாக?"

"காத்து காஞ்சு கெடந்தா நூலு அறுந்துக்கிட்டே இருக்கும்மா. ஈரம் இருந்தாத் தாங்கும்."

"மழைக்காலத்துலயும்ல அடிக்கிறாக?"

"மெசின் ஓடுற சூட்டுல உள்ள காத்து காஞ்சிருதுல்ல!"

மாரியம்மாள் விடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. வெளியே ஹாரன். பொறுக்காமல் டிரைவரே உள்ளே வந்தார். "ஏக்கா, வாரியா இல்லையா?"

"செத்த இருப்பா. எம்மக சொல்லிக்கிட்டிருக்கால்ல."

டிரைவரும் நின்று கேட்டார். "அப்ப எம் பஸ்ஸுல மட்டும் ஏன் பாப்பா இம்புட்டு வேர்க்குது?" வகுப்பே சிரித்தது.

"இவ அண்ணன் இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிப்பான். எனக்கு ஒண்ணும் வெளங்காது, திருப்பிக் கேக்கவும் முடியாது" என்ற மாரியம்மாள் எழுந்தார். "டி.சி. இருக்கட்டும். ஆனா இங்கிலீஷையும் நல்லாச் சொல்லிக்குடுங்க டீச்சர்." நியாயமான கோரிக்கைதான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நீங்களும் வகுப்பு பார்க்கப் போவதானால் தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். நாலு மணிக்கு மேல் டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.

அந்தக் கூட்டத்துக்குப் பயந்து நான் ஸ்டெல்லாவோடு பள்ளி வாசலில் தயங்கி நிற்கையில், அதே மில் பஸ் முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. ஓர் அம்மா இறங்கி வேகமாக உள்ளே வந்தார். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கியது.

"டி.சி.யாம்மா?"

"இல்ல டீச்சர். எம்மகளக் கூப்பிடுங்க. எனக்கும் ஒரு கேள்வி இருக்கு."