புருஷன் ஊருக்கு விருந்தாளி விசா

பல் கட்டும் லேப்பில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். ஊராருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவள் தன் பல்லை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் பாட்டுக்கு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்றிரண்டை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைப்பாள். எல்லாம் நேராக நின்றால் பொய்ப்பல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கணவன் வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறான். கல்யாணமான கையோடு போனவன், வேலை நிரந்தரமானதும் அவளுக்கான விசா காகிதங்களை அனுப்பிவைத்தான். அவற்றைக் கொடுக்க மாமியாரையும் கூட்டிக்கொண்டு விசா மையத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டினாள்.

"அங்க வேலைக்குப் போற எண்ணம் இருக்கா மேடம்?"

"பின்ன? அங்கயும் பல் லேப் இருக்குமே" என்றாள் இவள், மெல்ல.

"இது சார்பு விசா. கணவரோட தங்கலாம், அவ்வளவுதான். வேலை செய்யணும்னா வேலை விசா வேணும். அதுக்கு ஒரு கம்பெனி உங்களக் கூப்பிடணும்."

இவள் கையை நீட்டிக் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

போனில் சொன்னபோது கணவனுக்கு அது புதுச் செய்தியாக இல்லை. "தெரியும். உன்ன யாரு வேலைக்குப் போகச் சொன்னா? கால நீட்டி உக்காந்து சாப்பிடு."

"சாப்பிட வாய் போதும். கைய என்னங்க பண்றது?"

"அப்ப வர மாட்டியா?"

"வருவேன். உங்களப் பாக்காம எனக்கும் இருப்புக் கொள்ளல. ஆனா இப்ப விருந்தாளியா வரேன். வேலை விசா கிடைச்சப்புறம் தங்க வரேன்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டின புருஷனப் பாக்கப் போக சுற்றுலா விசாவாம். கேக்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க."

"சிரிக்கட்டும் அத்தை. பல்லு கொட்டினா கட்டிக் குடுக்கறேன்."

மாமியாரிடம் அவள் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது.

சுற்றுலா விசாவுக்கான நேர்காணலில் அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "கணவர் அங்க இருக்கார். நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்பறது?"

லேப்பில் கொடுத்த விடுப்புக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல் நிமிர்ந்தார்.

"ஒரு பெரியவருக்குக் கீழ்ப்பல்லெல்லாம் எடுத்தாச்சு சார். ஈறு ஆறினதும் செட் கட்டணும். நான் வந்துதான் கட்டணும்னு சொல்லிட்டார்."

"கணவரோட தங்கற விசாவே கிடைக்குமே. ஏன் கேக்கல?"

"அதுல போனா என் தொழில் நடக்காது சார்."

குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. குரல் மட்டும் குனியவில்லை. அதிகாரி விடுப்புக் கடிதத்தை மற்றக் காகிதங்களோடு சேர்த்து வைத்தார்.

விசா வந்த அன்று கணவன் போனில் சிரித்தான். "வா வா. ஒரு தடவை வந்துட்டா மனசு மாறிடும். திரும்பிப் போக டிக்கெட்டெல்லாம் நான் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"போக வர ரெண்டும் நானே எடுத்துட்டேங்க. நீங்க ஏர்போர்ட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துடுங்க."