முன்னுக்கு வேன், பின்னுக்குக் கார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றேன். பிறகு நெல் லொறி ஓட்டினேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக அரிசி ஆலை இருக்கிறது. கல்முனையில் என்னைவிட வாகனம் அறிந்தவர் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்ப்போம். அல்லாஹ் தந்ததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் கார் பழைய ஜப்பான் கார். நாவிதன்வெளியில் ஒரு வேளாண்மைக்காரத் தம்பியிடம் வாங்கியது. என் மனைவிக்கு முழங்கால் நோவு. ஓட்டோவின் குலுக்கலைத் தாங்கமாட்டாள். அந்தக் காரின் முன் சீட்டில்தான் நோவில்லாமல் இருப்பாள். அவள் மகனோடு மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்பட இருந்தாள். புறப்படுமுன் சொந்தக்காரர், அறிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லி, பிழை பொறுக்கக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். எல்லா வீட்டுக்கும் நானே கூட்டிப் போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கிழமை பார்த்து, மிதிக்கிற நேரமெல்லாம் முன் பிறேக் கரகரவென்று இரும்புச் சத்தம் போடத் தொடங்கியது.

தேய்ந்த பிறேக் பேடைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாகத் திரிவது வாகனம் தெரியாதவர்கள் வேலை. நான் காரின் புத்தகத்தில் இருந்த செசி நம்பரைச் சொல்லி, அக்கரைப்பற்றில் நல்ல ஜப்பான் பேட் வாங்கி வந்தேன். கராஜில் சில்லைக் கழற்றிப் பூட்டப் பார்த்தால் உட்காரவில்லை. பேடின் இரண்டு பக்கக் காதும் கட்டை, உடம்பும் சின்னது. கடைக்காரர் வருசத்தைக் கேட்டு வேறொன்று தந்தார். அதுவும் அப்படித்தான். அதன்பிறகுதான் பழைய பேடையும் கொண்டு போனேன். அதில் இருந்த நம்பரைத் துரு தின்றிருந்தது. "இது எந்த வாகனத்துட எண்டு சொல்லுங்க ஹாஜியார், எடுத்துத் தாறன்" என்றார் அவர். என் வாகனத்தைப் பற்றி என்னிடமே கேட்கிறார்!

கராஜ்காரர் ஒரு வழி சொன்னார். "கிட்டத்தட்டச் சரியா வாறது ஒண்டு கிடக்கு. கிரைண்டர்ல காதை ராவிப் போட்டா இருந்திரும்."

"என்ட பொஞ்சாதி இருக்கிற வாகனம் இது. ராவின பிறேக்கில அவள ஏத்தமாட்டன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வித்த ஆக்களிட்டக் கேளுங்களன், வாய் தேஞ்சா போகும்?" என்றாள். 

"நான் லொறி ஓட்டினவன். வித்தவனிட்டப் போய்க் கேக்கிறதா?"

"லொறியத்தானே ஓட்டினீங்க? இந்தக் கார அவங்கதானே ஓட்டின."

அந்தத் தம்பியின் மனைவியோடு அவளுக்குப் பழக்கம். பெருநாளுக்கு இங்கிருந்து வட்டிலப்பம் போகும், பொங்கலுக்கு அங்கிருந்து தயிர் வரும். போனை எடுத்தாள், சுகம் விசாரித்தாள், பிறகு என் காதில் வைத்தாள். தம்பி பேசினார்.

"ஹாஜியார், அது முன்னுக்குக் கார் இல்ல, வேன்."

"என்ன தம்பி, பகிடியா?"

"பகிடி இல்ல. வெள்ளத்துக்க கார் வாய்க்காலுக்க விழுந்து முன்பக்கம் நொறுங்கிப் போச்சு. அந்தச் சாமான் கிடைக்கல்ல. அதே கம்பெனிட டீசல் வேனில இருந்து முன் சில்லுச் செட்ட பிறேக்கோட முழுசாக் கழட்டிப் பூட்டின. பின்பக்கம் காருடதான். விக்கிற நேரமே சொல்ல வந்தன். நீங்கதான், 'எனக்குத் தெரியும், சாவியத் தாங்க' எண்டு ஏறிப் போனீங்க."

அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மனைவிக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

"அந்த வேனுக்கு ரெண்டு விதமான பேட் வரும். நீங்க மாறி வாங்கிருவீங்க. நான் வாறன், நில்லுங்க" என்றார். அன்றைக்கு அவர் வயலில் நெல் வெட்டு மெஷின் நின்றது. அந்த நேரம் மெஷின் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நெல் வியாபாரியான எனக்குத் தெரியும். அதைத் தன் தம்பிமாரிடம் விட்டுவிட்டு, காலில் சேறு காயாமலே மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனார். வேனின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். தம்பி பழைய பேடை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் காது, ஓட்டை, தகட்டின் கனம் எல்லாம் ஒன்றாக இருந்தன. கராஜில் அது தட்டாமல் கொட்டாமல் போய் உட்கார்ந்தது. நான் லொறி ஓட்டிய காலத்திலும் இப்படி உட்கார்ந்த பேடைக் கண்டதில்லை.

அடுத்த நாள் பயணம் சொல்லப் புறப்பட்டபோது, முதலில் எந்தச் சொந்தக்காரர் வீடு என்று கேட்டேன். "நாவிதன்வெளிக்கு விடுங்க" என்றாள்.

அங்கே தம்பியின் மனைவியின் கையைப் பிடித்து, "ஏதும் பிழை விட்டிருந்தாப் பொறுத்துக்கங்க தங்கச்சி" என்றாள். 

"என்ன பிழை அக்கா? போய்ச் சுகமா வாங்க. எங்களுக்கும் சேர்த்து ஆண்டவனிட்டக் கேளுங்க."

நானும் தம்பியின் தோளைத் தொட்டு, "நீங்க செய்த உதவிய மறக்கமாட்டன்" என்றேன். அப்படி நான் லேசில் யாரிடமும் சொல்கிறவன் இல்லை.

புறப்படும்போது ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து என் மனைவியின் மடியில் வைத்தார்கள். நற்பிட்டிமுனை வரும் வழியில் ஒரு மாடு திடீரென்று ரோட்டில் ஏறியது. மிதித்தேன். கார் நேராக நின்றது. சட்டியில் தயிர் ஆடக்கூட இல்லை. மனைவி பிஸ்மி சொன்னபடி என்னைப் பார்த்தாள்.

"ஓம், நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ். மாடு போகட்டும் என்று காத்திருந்து, அடுத்த வீட்டுக்கு விட்டேன்.