மரத்துப்போன மூக்கு

அழகையாவுக்கு மூக்கு இருந்தது, வாசம்தான் இல்லை. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருசம் முதுகில் தெளிப்பு டாங்கியைச் சுமந்து, தேயிலைக்கு நடுவே புல்லுக்கு மருந்தடித்த மனிதர். புல் என்னவோ அடுத்த மழைக்கே முளைத்துவிடும். செத்தது இவர் மூக்குதான். மனைவி ஜெயலெட்சுமியின் கருமாதியன்று சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது, மணக்கவில்லை. அப்போதுதான் அவருக்கே விசயம் தெரிந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுவும் மகள் தனுஜாவுக்குத் தெரியவே கூடாது என்பதில் உடும்புப்பிடியாக இருந்தார்.

தனுஜாவுக்குக் கடலோரக் குன்றொன்றில் வேலை. குன்று முழுக்கக் காடு மாதிரி வளர்த்த இயற்கைத் தோட்டம். வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது அவள்தான். இரண்டு வருசமாக அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் காலைப் பெரட்டில் பேர் பதியணும், மழை, முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார். வேலையிலிருந்து நின்றபின் சாக்குகள் தீர்ந்துபோயின. பதுளையில் பஸ் ஏறி, லுணுகலை வழியாக மலையிறங்கி, கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் ‘இங்கே மருந்து அடிப்பதில்லை’ என்று பலகை தொங்கியது. எழுத்துக் கூட்டி வாசித்தார். வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏதாவது வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பதுளைக் கடைக்காரக் குடும்பமொன்றும் அன்றைக்குச் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. தனுஜா இலைகளைக் கிள்ளிக் கசக்கி ஒவ்வொருவராக முகரக் கொடுத்தாள். அழகையா எல்லோருக்கும் கடைசியாக நின்றுகொண்டார். மற்றவர்கள் முகம் மலர்ந்தால் இவரும் தலையாட்டினார், சுளித்தால் இவரும் சுளித்தார். கறுவா, எலுமிச்சம்புல் எல்லாம் இப்படியே ஒப்பேறின.

மேட்டில் இலையுதிர்ந்து நின்ற மரத்தடியில் அவள் ஒரு பூவைப் பொறுக்கி, “இது அப்பாவுக்குத்தான் மொதல்ல” என்று நீட்டினாள். பார்த்துச் செய்ய வேறு முகம் இல்லை. அழகையா கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார்.

“நல்லா மணக்குதும்மா.”

அது பீநாறி மரம். பேரே சொல்லிவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கூட்டம் சிரித்தது. மகள் கொடுத்தால் பீநாறியும் மணக்கும்போல என்றாள் கடைக்காரரின் மனைவி புஷ்பம்.

தனுஜா சிரிக்கவில்லை. அம்மா போனபின் பதின்மூன்று வயதில் கரண்டி பிடித்தவள் அவள். வேலை விட்டு வந்ததும் அப்பா சட்டிக்கு மேல் குனிந்து கண்ணை மூடி, தினமும் இதே வார்த்தையைத்தான், இதே குரலில்தான் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் சமைக்கக் கற்றாள்.

கூட்டத்தைக் கீழே அனுப்பிவிட்டு அவரிடம் வந்தாள்.

“எப்ப இருந்துப்பா?”

“ஒங்கம்மா போனப்பவே.”

“அப்ப என் கொழம்பு?”

அவர் கடலைப் பார்த்தார். ஒரு பொய் கிடைத்தால் தேவலை என்றிருந்தது, கிடைக்கவில்லை.

“மூடியத் தொறந்தா ஆவி மூஞ்சில படும்ல தாயி. அது தெரியும்.”

அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனாள். வந்தவர்களுக்கு மிச்சத் தோட்டத்தையும் காட்டியாக வேண்டுமே.

மதியம் தன் அறையில் அவருக்குச் சோறு போட்டாள். மணக்குதா என்று கேட்கவில்லை. அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“சூடு தெரியுதாப்பா?”

“தெரியுதும்மா.”